விளையாட்டு வானில் நம் ஊர்

ஊர் மண்ணில் இருக்கிறது; ஊரைப் பற்றிய அறிவோ அங்கு வாழும் மக்களின் உள்ளத்தில் இருக்கிறது. ஏரி எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது, பாதை எங்கே வளைகிறது என்பதை அங்கே நடந்து பழகியவரே நன்கு அறிவர். அந்த அறிவைத் தொகுத்து, கணிப்பொறிக்குள் ஒரு சிறு ஊரை எழுப்பி, அதனை உலகத்தார் அனைவர்க்கும் விலையின்றி வழங்கும் கலை ஒன்று சில பத்தாண்டுகளாக வளர்ந்து வருகிறது. ஃப்ளைட் சிமுலேட்டர் என்னும் பறப்புப் பாவனைக்கு நிலக்காட்சி அமைக்கும் கலையே அது.

இதனை விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று தள்ளிவிடுவோர் உண்டு. நிலநூல், கணிதம், ஓவியம், சட்டம் ஆகிய நான்கும் இதில் கலந்திருக்கின்றன. இவற்றினும் மேலாக, கொடுக்கும் முறையறிந்து கொடுத்தாலன்றிக் கொடை நிலைக்காது என்னும் பாடமும் இதில் அடங்கியிருக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் பயிலும் ஐதராபாத் நகரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பாவனை வளர்ந்த வகை

தரையில் இருந்தவாறே விமானம் ஓட்டப் பழகும் பொறியொன்றை அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929-இல் செய்து முடித்தார். இரண்டாம் உலகப்போரின்போது விமானிகள் பலர் அதில் அமர்ந்தே பயிற்சி பெற்றனர். அப்பொறியில் அமர்ந்தவன் ஊரையும் ஆற்றையும் காணவில்லை. கருவிகளின் முள் அசைவதையே கண்டான். கணிப்பொறி வீட்டுக்கு வந்தபின் நிலை மாறிற்று. புரூஸ் ஆர்ட்விக் உருவாக்கிய பாவனையை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1982-இல் வெளியிட்டது. பின்னர் எக்ஸ்-பிளேன் வந்தது. தன்னார்வலர் பலர் கூடி எழுதிய ஃப்ளைட்கியர் 1990-களின் பிற்பகுதியில் பிறந்தது. இது விலையில்லாதது, இதன் மூலநிரலும் எவரும் பார்த்துத் திருத்தக்கூடியது.

உலகம் பெரியது, விமான நிலையங்களோ பல்லாயிரம். எந்த நிறுவனமும் அனைத்தையும் கையால் கட்டிவிட இயலாது. எனவே புகழ்பெற்ற சில நகரங்களை நுணுக்கமாக அமைப்பார்கள். எஞ்சிய இடங்களைக் கணிப்பொறியே பொதுவிதிகளைக் கொண்டு நிரப்பும். எங்கும் ஒரே வகை வீடு, ஒரே வகை மரம்! நியூயார்க்கில் பறப்பவன் நியூயார்க்கைக் காண்பான். ஐதராபாத்தில் பறப்பவன் பெயரில்லாத ஏதோ ஓர் ஊரையே காண்பான். இந்தக் குறையை நிரப்ப எழுந்ததே இலவச நிலக்காட்சி.

நான்கு அடுக்குகள்

நிலக்காட்சியை ஓர் ஓவியம் என்று எண்ணுதல் தவறு. அது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த நான்கு அடுக்குகளால் ஆயது.

முதல் அடுக்கு நிலத்தின் ஏற்றத்தாழ்வு. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் பறந்து, உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை ரேடார் கொண்டு அளந்தது. அந்த அளவுகள் பொதுமக்களுக்கு விலையின்றி வழங்கப்பட்டன. பல இலவச நிலக்காட்சிகளுக்கு அவையே அடிப்படை. முதலில் இந்தியாவுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 90 மீட்டர் இடைவெளியுள்ள புள்ளிகள். பின்னர் 30 மீட்டர் இடைவெளியுள்ளவையும் கிடைத்தன. ஆயினும் தக்காணத்தின் கருங்கற் பாறைகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் அந்த விந்தைக் கற்கள், இவ்வலையில் சிக்குமா? சிக்கா. அவற்றை உள்ளூரார் தாமே வைத்தாக வேண்டும்.

இரண்டாம் அடுக்கு தரையின் தோற்றம்: வயல், ஏரி, குடியிருப்பு, வறண்ட மேடு. மூன்றாம் அடுக்கு விமான நிலையத்தின் அமைப்பு: ஓடுபாதை, அதனோடு இணையும் துணைப்பாதைகள், விமானங்கள் நிற்கும் தளம், விளக்குகள், குறியீடுகள். நான்காம் அடுக்கு எழுந்து நிற்கும் பொருள்கள்: கட்டுப்பாட்டுக் கோபுரம், கொட்டகை, சார்மினார், மரங்கள்.

இரண்டு விமான நிலையங்களின் கதை

ஐதராபாத்தின் பழைய விமான நிலையம் பேகம்பேட்டையில் உள்ளது. நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1930-களில் உருவானது. டெக்கான் ஏர்வேஸ் இதனையே தாயகமாகக் கொண்டு பறந்தது; 1953-இல் அது இந்தியன் ஏர்லைன்ஸில் இணைக்கப்பட்டது. 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்டதும், பயணிகள் விமானங்கள் அனைத்தும் அங்கே சென்றன. பேகம்பேட்டையில் விமானப்படையும் பயிற்சியும் விமானக் கண்காட்சியும் நிலைத்தன. வழக்கமான பயணி மட்டும் போய்விட்டான்.

இதனைப் பாவனையோடு இணைத்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் பாவனையின் புகழ்பெற்ற பதிப்புகள் இரண்டு 2003-இலும் 2006-இலும் வெளிவந்தன. இரண்டும் ஷம்ஷாபாத் திறக்கப்படுவதற்கு முந்தியவை. 2009-இன் தொடக்கத்தில் அதனைச் செய்த பிரிவையே அந்நிறுவனம் மூடிவிட்டது. அடுத்த பெரும் பதிப்பு 2020-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பழைய பதிப்புகளைப் பயன்படுத்தியவன் ஷம்ஷாபாத்தில் இறங்க விரும்பினால், வெளியார் ஒருவர் அதைச் செய்து தந்திருந்தாலன்றி வழியில்லை. மண்ணில் 4,260 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை கிடந்தது. கணிப்பொறியிலோ வெறும் நிலம்! ஊர் மாறும்போது உடன் மாறக்கூடியவர் ஊரை அறிந்த தன்னார்வலரே என்பது இதனால் விளங்கும்.

பழையதைக் காக்கும் பணியும் அவருடையதே. புதிய பாவனைகள் இன்றைய நிலையையே காட்டும். பயணிகள் கூட்டம் நிறைந்த பழைய பேகம்பேட்டையை, அதாவது செகந்தராபாத்தின் கூரைகளைத் தாண்டி, தெற்கே உசேன் சாகர் மின்ன, மேற்கு நோக்கி இறங்கிய அந்த அனுபவத்தை, ஒருவர் கட்டி வைத்தாலன்றி வருங்காலத்தார் காண இயலாது.

கட்டும் முறை

முதல் வேலை இடத்தைக் குறித்தல். விமான நிலையங்களின் அதிகாரமுறை வரைபடங்களை இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடுகிறது. ஓடுபாதையின் நீளம், உயரம், இரு முனைகளின் இருப்பிடம் ஆகியவை அதில் உண்டு. பேகம்பேட்டை ஓடுபாதையின் முனைகளில் 09, 27 என்னும் எண்கள் எழுதப்பட்டிருக்கும். காந்த ஊசி காட்டும் திசையைப் பத்தால் வகுத்து முழுமையாக்கிய எண்களே அவை. 09 என்றால் ஏறத்தாழ 90 பாகை, கிழக்கு. 27 என்றால் 270 பாகை, மேற்கு.

இங்கே தசமப் புள்ளியின் அருமையை அறிய வேண்டும். ஐதராபாத் இருக்கும் அட்சரேகையில் ஒரு பாகைத் தீர்க்கரேகை ஏறத்தாழ 106 கிலோமீட்டர். ஆகவே மூன்றாம் தசம இடத்தில் ஒன்று பிழைத்தால் 106 மீட்டர் பிழை. கட்டுப்பாட்டுக் கோபுரம் ஓடுபாதையின் நடுவில் வந்து நிற்கும்! ஐந்தாம் இடம் வரை குறித்தால் பிழை ஒரு மீட்டரளவில் அடங்கும்.

அடுத்தது உயரம். பேகம்பேட்டை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 530 மீட்டர். ஷம்ஷாபாத் ஏறத்தாழ 615 மீட்டர். ஒரே நகரின் இரு நிலையங்களுக்கிடையே 85 மீட்டர் வேறுபாடு! நிலத்தின் அடுக்கு ஓர் உயரமும், ஓடுபாதையின் அடுக்கு வேறோர் உயரமும் சொன்னால், ஓடுபாதை வானில் தொங்கும். அல்லது குழிக்குள் கிடக்கும். நிலையத்தைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு வரைந்து, அதனுள் நிலத்தை ஓடுபாதைக்கு இசையச் சமன்செய்வது வழக்கம். தொடக்க மாணவர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுவே.

பின்னர்க் கட்டடங்கள். பிளெண்டர் என்னும் மென்பொருள் 2002 முதல் மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உருவங்களை அமைக்கலாம். சிக்கனம் இங்கே பெரிய அறம். சார்மினாரைச் செய்பவன் நான்கு கோபுரங்களைச் செய்ய வேண்டியதில்லை; ஒன்றைச் செய்து நான்கு முறை நிறுத்தினால் போதும். சுதை வேலைப்பாடுகளை உருவமாகச் செதுக்காமல், மேலே ஒட்டும் படத்தில் தீட்டிவிட வேண்டும். 2048-க்கு 2048 புள்ளிகள் கொண்ட ஒரு படம், சுருக்காமல் வைத்தால், 16 மெகாபைட் இடம் கொள்ளும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு படம் என்று வைப்பவனுடைய ஊரில் விமானம் பறக்காது. நகர்ந்து நகர்ந்து நிற்கும்.

இறுதியில் சோதனை. பகலிலும் இரவிலும், மழையிலும் வெயிலிலும், மெதுவான பழைய கணிப்பொறியிலும் ஓட்டிப் பார்த்த பின்னரே வெளியிட வேண்டும்.

ஓர் எண்ணின் பிழை

2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் பாவனை, வானிலிருந்து எடுத்த படங்களையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுமக்கள் வரைபடத்தின் தரவுகளையும் கொண்டு, பொறியறிவால் உலகெங்கும் வீடுகளை எழுப்பிற்று. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர்ப்புறத்தில் ஒரு சாதாரண வீடு 212 மாடிக் கோபுரமாக வானை முட்டி நின்றது. காரணம் என்ன? வரைபடத்தில் 2 மாடி என்று எழுதவேண்டிய இடத்தில் ஒரு மாணவர் 212 என்று எழுதிவிட்டார். வரைபடத்தில் பிழை பின்னர்த் திருத்தப்பட்டது; பாவனை செய்தோர் கையிலோ பழைய படி இருந்தது. இதில் நகைப்பும் உண்டு; பாடமும் உண்டு. பொறி எண்ணை நம்புகிறது. 'இத்தெருவில் அப்படியொரு கோபுரம் இல்லையே' என்று சொல்ல அத்தெருவில் நடந்தவர் வேண்டும்.

கொடையும் அதன் நிபந்தனையும்

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். 'இலவசம்' என்னும் ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் உள்ளன. 'பயன்படுத்திக்கொள், ஆனால் மாற்றாதே, பிறரிடம் பரப்பாதே' என்பது ஒன்று. 'பயன்படுத்து, திருத்து, பகிர். உன் திருத்தத்தையும் அவ்வாறே கொடு' என்பது மற்றொன்று. முன்னது பரிசு, பின்னது விதைநெல்.

பழைய பாவனைகளுக்கான நிலக்காட்சிகளிற் பல முதல்வகையாகவே வெளிவந்தன. கணிப்பொறி மட்டுமே படிக்கும் வடிவில் கோப்பைத் தருவார்கள். அதனை ஆக்கிய மூலக்கோப்பு ஆசிரியரின் வீட்டிலேயே இருக்கும். பாவனையின் புதிய பதிப்பு வந்தால் பழைய கோப்பு பொருந்தாது. ஆசிரியரோ படிப்பு முடிந்து, வேலை ஏற்று, இத்துறையை விட்டே போயிருப்பார். திருத்த நினைப்பவனுக்கு மூலமும் இல்லை, உரிமையும் இல்லை. பல மாத உழைப்பு ஒரு பதிப்போடு மாண்டுபோகும்.

சேமித்து வைத்த இடமும் அழியக்கூடும். இத்துறையின் பெரும் கோப்புக் களஞ்சியங்களுள் ஒன்றான ஆவ்சிம் 2009 மே மாதத்தில் தீயோர் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதன் இரு கணிப்பொறிகளும் ஒன்றுக்கொன்று காப்புப் படியாக இருந்தன. இரண்டும் ஒருங்கே தாக்கப்பட்டன. களஞ்சியம் பின்னர் மீண்டெழுந்தது. ஆயினும் ஒரே கூரையின்கீழ் வைத்த இரு படிகள் ஒரு படியே என்பதை அந்நிகழ்ச்சி கற்பித்தது.

இரண்டாம் வகைக்கு எக்ஸ்-பிளேன் நல்ல எடுத்துக்காட்டு. தன்னார்வலர் தாம் அமைத்த நிலையத்தைப் பொதுக்களஞ்சியத்தில் சேர்ப்பார்கள். திருத்துவதற்கும் பகிர்வதற்கும் இடந்தரும் பொது உரிமத்தின்கீழ் அது வைக்கப்படும். ஏற்கப்பட்டவை அடுத்த பதிப்பிலேயே அனைவர்க்கும் சென்று சேரும். நாளை ஷம்ஷாபாத்தில் புதிய கட்டடம் எழுந்தால், முன்னவர் விட்ட இடத்திலிருந்து வேறொருவர் தொடரலாம்.

கொடுப்பவனுக்கும் கடமை உண்டு. பிறர் பொருளைத் தன் பொருளாகக் கொடுத்தல் கொடையன்று. இணையத்தில் காணும் வான்படங்கள் எல்லாம் எடுத்து வழங்கத்தக்கவை அல்ல. ஒவ்வொன்றின் உரிமத்தையும் படித்தறிய வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பயன்படுத்தினால் அதன் பெயரைச் சொல்லியாக வேண்டும். இந்திய அரசு 2021 பிப்ரவரியில் நிலவரைபட விதிகளைத் தளர்த்தியது உண்மையே. எனினும் பேகம்பேட்டை, ஹக்கிம்பேட்டை, துண்டிகல் ஆகியவை விமானப்படையின் இடங்கள். அங்கே ஒளிந்து நின்று படமெடுத்தலும், காவலமைப்புகளைக் குறித்தலும் கூடா. வெளியான வரைபடத்தில் உள்ளதே போதும்.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே! தமிழ்நாட்டில் உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஆகிய ஊர்களில் பழைய ஓடுதளங்கள் உள்ளன. சோழவரத்து ஓடுதளம் பிற்காலத்தில் கார்ப் பந்தயக் களமாயிற்று. இவற்றின் அருகே பிறந்து வளர்ந்தோர் நம்மிடையே இருக்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, பழைய தளம் எப்படியிருந்தது என்று முதியோரைக் கேட்டு எழுதி வரலாம். நிலநூல் பயில்வோர் இடங்குறிக்கட்டும். கணிதம் பயில்வோர் அளவைச் சரிபார்க்கட்டும். ஓவியம் வல்லார் தீட்டட்டும். சட்டம் பயில்வோர் உரிமத்தைப் படிக்கட்டும். ஒருவருக்குப் பெருஞ்சுமையானது நால்வருக்கு ஓய்வுநேர வேலை.

செய்து முடித்ததும் மூன்றை மறவாமல் உடன் வையுங்கள்: மூலக்கோப்பு, எதனை எங்கிருந்து எடுத்தீர் என்னும் குறிப்பு, பிறர் திருத்தலாம் என்னும் உரிமம். இம்மூன்றும் இருந்தால், நாம் பட்டம் பெற்றுப் பிரிந்த பின்னும், நம் பெயரே அறியாத ஒரு மாணவர் அவ்வூரைத் தொடர்ந்து கட்டுவார்.