சென்னையில் லாகின் ஆனது யார்?

"நான் மரக்காணத்துல உட்கார்ந்திருக்கேன். சென்னையில யாரோ என் கணக்குக்குள்ள பூந்துட்டாங்க!" 'புதிய சாதனத்திலிருந்து உள்நுழைவு' என்று மெயில் வந்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது இதுதான். பெரும்பாலான நேரங்களில் அந்த 'யாரோ' அவரேதான்.

ஊர்ப் பெயரை முதலில் தீர்த்துவிடலாம். ஜிபிஎஸ்ஸைப் பார்க்க நீங்கள் அனுமதி கொடுத்தால் தவிர, நீங்கள் இருக்கும் இடம் இணையதளத்துக்குத் தெரியாது. உங்கள் ஐபி முகவரி எந்த ஊருக்கு உரியது என்று ஒரு பட்டியலில் தேடி ஊகிக்கும், அவ்வளவுதான். பழைய வகை ஐபி முகவரிகளுக்குப் பெரிய தட்டுப்பாடு. அதனால் செல்போன் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. இந்த ஏற்பாட்டுக்கென்றே 2012இல் 100.64 என்று தொடங்கும் முகவரித் தொகுதி தனியாக ஒதுக்கப்பட்டது. வெளியே தெரியும் பொது முகவரி, நிறுவனத்தின் கருவிகள் இருக்கும் பெருநகரத்தின் கணக்கில் இருக்கும். ஆக, மரக்காணம் உப்பள வரப்பில் நின்றுகொண்டு லாகின் செய்தாலும் தளத்தைப் பொறுத்தவரை நீங்கள் சென்னையில் இருப்பீர்கள். மும்பையிலும் இருக்கலாம். அந்த மெயிலில் மரக்காணம் என்று சரியாக வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

"சரி, ஊர் தப்பு. போனுமா தெரியாது? மூணு வருஷமா இதே போன், இதே குரோம்." தெரியாது. போனின் ஐஎம்இஐ எண்ணை எந்த பிரவுசரும் இணையதளத்துக்குக் கொடுப்பதில்லை. இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் ஏற்பாட்டுக்கு இயல்பிலேயே ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு முறை கதவைத் தட்டும்போதும் நீங்கள் புது ஆள். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி 'குக்கீ'யைக் கொண்டுவந்தார். முதல் முறை வரும்போது தளம் ஒரு சீட்டு எழுதி உங்கள் பிரவுசரிடம் கொடுக்கிறது. அடுத்த முறை பிரவுசர் அதைக் காட்டுகிறது. தளம் அடையாளம் கண்டுகொள்வது முதலில் அந்தச் சீட்டைத்தான். அது தொலைந்தால் முகம் தெரியாது.

தொலைப்பது யார்? பெரும்பாலும் நாமே. "பாதுகாப்புக்காக தினமும் ஹிஸ்டரி, குக்கீ எல்லாம் துடைச்சிடுவேன்" என்பவருக்கு தினமும் எச்சரிக்கை வரத்தான் செய்யும். போனை 'சுத்தம்' செய்வதாகச் சொல்லும் சில செயலிகளும் இதே வேலையைப் பார்க்கின்றன. இன்காக்னிட்டோ ஜன்னலை மூடியதும் அதிலிருந்த குக்கீகள் போய்விடும். ஃபேஸ்புக்கில் வந்த இணைப்பைத் தொட்டால் அதற்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசர் திறக்கிறதே, அதற்கு உங்கள் குரோமில் இருக்கும் குக்கீ தெரியாது. நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் குரோம் 2022 முதல் எந்தக் குக்கீக்கும் 400 நாளுக்கு மேல் ஆயுள் தருவதில்லை.

குக்கீ இல்லாதபோது தளம் வேறு தடயம் தேடும்: பிரவுசரின் பதிப்பு, திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம். இவை சேர்ந்த 'கைரேகை' அசைக்க முடியாதது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் சார்பில் பீட்டர் எக்கர்ஸ்லி 2010இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த பிரவுசர்களில் 83.6 சதவீதத்துக்கு வேறு எதனோடும் ஒத்துப்போகாத ரேகை இருந்தது. அதிகம் பேசப்படாத மறுபாதியும் அதே ஆய்வில்தான் இருக்கிறது: மீண்டும் வந்தவர்களில் 37.4 சதவீதம் பேரின் ரேகை இடையில் மாறியிருந்தது. அப்டேட் ஆனால் மாறும். குரோமுக்குச் சில வாரங்களுக்கு ஒரு முறை புதுப் பதிப்பு வருகிறது.

போதாக்குறைக்கு, தனியுரிமைக்காக குரோம் 2023 முதல் போன் மாடலையும் மறைக்கிறது. ஐந்தாயிரம் ரூபாய் போனோ ஐம்பதாயிரம் ரூபாய் போனோ, எல்லாம் 'ஆண்ட்ராய்டு 10; கே' என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்ளும். கூடுதல் விவரம் கேட்டுப் பெறத் தளங்களுக்கு வழி உண்டு, எல்லாமும் கேட்பதில்லை. உங்கள் சாதனப் பட்டியலில் வாங்காத போன் ஒன்று நின்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். நம்மை வேவு பார்க்காதே என்று தளங்களைத் தடுக்கிறோம். நம்மைத் தெரியவில்லையே என்று அவற்றிடமே கோபித்துக்கொள்கிறோம். இந்தச் சண்டையில் என் ஓட்டு மறைப்பவர்களுக்குத்தான். ஒரு ஓடிபி கூடுதலாகப் போடுவது பெரிய செலவல்ல.

"அப்போ இந்த மெயிலையெல்லாம் கண்டுக்க வேணாம்." இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. சந்தேகம் வந்தால் தெரிந்தவரையும் நிறுத்திக் கேட்பது என்று தளங்கள் வேண்டுமென்றே வைத்திருக்கும் வழக்கம் இது. திருடனை உள்ளே விடுவதைவிட உங்களை ஒரு முறை எரிச்சல்படுத்துவது அவற்றுக்கு மேல். எரிச்சல் பழகிப்போன இடத்தில் திருடனும் அதே வாசகத்தோடு போலி மெயில் அனுப்புகிறான். மழைக்காலத்தில் உப்பு வாரும் வேலை நிற்கும்போது தொழிலாளர்களுக்கு அரசு தரும் ரூ.5,000 நிவாரணம் கணக்கில் ஏறியதா என்று பார்த்துக்கொண்டிருப்பவரிடம், 'உங்கள் கணக்கு முடக்கப்படும், இங்கே தொடுங்கள்' என்றால் விரல் தானாகப் போகும். மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ உள்ள இணைப்பைத் தொடாமல், தளத்தை நீங்களே திறந்து 'சாதனங்கள்' பகுதியைப் பாருங்கள்.

இ-சேவை மையத்துக் கம்ப்யூட்டரிலோ பிரவுசிங் சென்டரிலோ 'இந்தச் சாதனத்தை நினைவில் கொள்' என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள். அங்கே தளம் உங்களை மறந்துபோவதே நல்லது.

எச்சரிக்கை வந்தால் ஊரைவிட நேரத்தைப் பாருங்கள். நீங்கள் லாகின் செய்த அதே நிமிடம் என்றால் அநேகமாக அது நீங்கள்தான். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த இரவு இரண்டு மணி என்றால், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறிவிட்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் விடியும்வரை காத்திராமல் 1930க்கு அழையுங்கள்.