பாடு முறையும் நீர்க்கொள்கையும்

நுழையும்முன்

நீரைப் பற்றிய கொள்கைகள் தலைநகரங்களில் எழுதப்படுகின்றன. அவற்றின் விளைவோ ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் வாழ்வோரின் அடுப்படியில் தெரிகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை நடந்து பார்க்கும் வாய்ப்பை இளைஞர்க்குத் தருவது நீர்க்கொள்கைத் துறையின் உள்ளகப் பயிற்சி. அப்பயிற்சி எத்தகையது என்பதைப் பழவேற்காடு ஏரியை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

கழியும் முகத்துவாரமும்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தின் கிழக்கு எல்லையில் அமைந்துள்ளது பழவேற்காடு. 1613ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி வாணிகம் நடத்திய பழந்துறைமுகம் அது. ஊரை ஒட்டி வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்திற்கு விரிந்து கிடக்கிறது ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு கிடக்கிறது.

ஏரி என்று நாம் வழங்கினாலும், சங்கப் புலவர்கள் இதனைக் கண்டிருப்பின் கழி என்றே குறித்திருப்பர். நெய்தல் நிலத்தின் உயிர்நாடி கழி. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இடம் அது. தெற்கே ஆரணியாறும், வடக்கே காளங்கி, சொர்ணமுகி ஆறுகளும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஏரிநீரின் உப்பு மிகக் குறைந்து நன்னீருக்கு நெருங்கிவிடும். கடுங்கோடையில் கடல்நீரையும் விஞ்சும். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே ஆதலால், வெயிலும் மழையும் இந்நீரை எளிதில் மாற்றிவிடுகின்றன.

இந்த ஏற்றத்தாழ்வு குறையன்று. இறாலுக்கு அதுவே வாழ்வு. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் புகுந்து, சேற்றிலும் கடற்புல்லிலும் இரைதேடி வளர்ந்து, சில மாதங்களில் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் நண்டும் இந்த வாயிலை நம்பியே வாழ்கின்றன. வாயில் அடைபட்டால் குஞ்சும் உள்ளே வாராது, உள்ளிருப்பதும் வெளியேறாது. வெள்ளம் வடிந்த பின்னர் ஏரியிலிருந்து வெளியேறும் நீரின் விசை குறைகிறது. அலைகள் கரையோரமாகக் கடத்திவரும் மணல் அப்போது முகத்துவாரத்தில் திட்டாகப் படிகிறது. சென்னைத் துறைமுகச் சுவர் இம்மணலைத் தடுத்ததால்தான் அதன் தெற்கே மெரினா மணற்பரப்பு அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் அரித்தது. கடற்கரையில் ஓரிடத்தில் செய்யும் கட்டுமானம் வேறோரிடத்தில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

ஒரே நீர், பல அலுவலகங்கள்

இந்தியாவின் தேசிய நீர்க்கொள்கை முதன்முதலில் 1987இல் வகுக்கப்பட்டது. 2002, 2012 ஆகிய ஆண்டுகளில் திருத்தி எழுதப்பட்டது. நீரை மக்கள் சமூகத்தின் பொதுவளமாகக் கருதி அரசு காத்தல் வேண்டும் என்னும் கருத்து 2012ஆம் ஆண்டுக் கொள்கையில் இடம்பெற்றது. சொல் நன்று. பழவேற்காட்டின் கரையில் நின்று பார்ப்பவருக்கு அடுத்த வினா உடனே எழும்: எந்த அலுவலகம் காக்கும்?

ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். அதன் பரப்பு 153.67 சதுர கிலோமீட்டர். பூநாரைகள் வந்திறங்கும் அந்நீர் வனத்துறையின் பொறுப்பு. அதே நீரில் வலைவீசும் மீனவர் மீன்வளத் துறையின் பொறுப்பு. ஏரிக்கு வரும் ஆற்றுநீர் நீர்வளத் துறைக்கும், கரையோர நிலம் வருவாய்த் துறைக்கும், கழிவுநீர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் உரியவை. கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை தனியே உண்டு. ஆரணியாற்றின் குறுக்கேயுள்ள பிச்சாட்டூர் நீர்த்தேக்கம் ஆந்திரத்தில் இருக்கிறது. எனவே ஏரிக்கு வரும் நீரில் ஒரு பங்கு வேற்று மாநிலத்தின் மதகைக் கடந்து வருகிறது. தெற்கே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2010இல் தொடங்கப்பெற்றது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு தவித்த சென்னைக்கு அத்தகைய ஆலைகள் தேவையாயின. அதே வேளையில் உப்பு பிரித்தெடுக்கப்பட்டபின் எஞ்சும் செறிவுமிக்க உவர்நீர் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை கடலோர மக்களுக்கு உண்டு. ஒருவர் தாகமும் ஒருவர் தொழிலும் ஒரே நீரில் எதிரெதிரே நிற்கும் இத்தகைய இடங்களில்தான் கொள்கை தேவைப்படுகிறது.

பயிற்சியில் என்ன செய்வர்?

உள்ளகப் பயிற்சி என்பது கல்லூரி மாணவர் ஓர் அரசுத் துறையிலோ ஆய்வு நிறுவனத்திலோ தொண்டு அமைப்பிலோ சில வாரங்கள் தங்கிப் பணி பழகுவது. நிதி ஆயோக் அமைப்பும் மத்திய ஜல் சக்தி அமைச்சகமும் மாணவர்களுக்கு இவ்வாய்ப்பை வழங்குகின்றன. பயிற்சியின் முதற்பகுதி பெரும்பாலும் தாள்களோடு கழியும். பழைய நிலவரைபடங்கள், அரசாணைகள், மழையளவுப் பதிவுகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றைத் தேடிப் படித்து அட்டவணையிட வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் நீர்நிலையையும் அதன் கரையையும் வருவாய்ப் பதிவேடு ‘புறம்போக்கு’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பதையும், அதே மணல்மேட்டில் ஊரார் வலை உலர்த்துவதையும் படகு பழுதுபார்ப்பதையும் அடுத்தடுத்துக் காணும்போது, ஒரு சொல் ஒரு நிலத்தின் பயன்பாட்டை எவ்வளவு எளிதாக மறைத்துவிடும் என்பது விளங்கும்.

பின்னர் களப்பணி. அளவிட்ட கோலால் ஆழம் பார்த்தல், உப்புத்தன்மையைக் கருவியால் அளத்தல், நீரின் கலங்கலை அறிய வட்டத்தகட்டை இறக்கிப் பார்த்தல் ஆகியவை அதில் அடங்கும். ஒரே இடத்தை ஒரே நாளில் ஓதத்தின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் அளக்க வேண்டும். பயிற்சி மாணவி ஒருத்தி முதல்நாள் படகில் ஏறி, “ஐயா, இங்கே ஆழம் எவ்வளவு?” என்று கேட்பதாகக் கொள்வோம். “எந்த மாதத்திலம்மா? எந்த நேரத்தில்?” என்று படகோட்டி திருப்பிக் கேட்பார். அவர் கேட்ட அந்த இரண்டு வினாக்களையும் தன் அட்டவணையில் இரண்டு பத்திகளாகச் சேர்த்துக்கொள்ளும் மாணவி பாதிப் பயிற்சியை முடித்தவள்.

கருவி பிடிப்பதைவிட வினாத்தாள் அமைப்பது கடினம். “உங்கள் மாத வருமானம் எவ்வளவு?” என்பது அலுவலகத்தில் அமர்ந்து எழுதிய வினா. பழவேற்காட்டு மீனவர் பலருக்கு மாதம் என்பது வருமானத்தின் அலகே அன்று. அவருடைய அலகு பாடு.

பாடு

பாடு என்னும் சொல்லுக்கு உழைப்பு, துன்பம், நிலை, பக்கம் எனப் பல பொருள் உண்டு. பழவேற்காட்டில் அது மீன்பிடிக்கும் இடத்தையும், அவ்விடத்தில் வலையிடும் முறையையும் ஒருசேரக் குறிக்கும். முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் விசையாக ஓடும் இடங்கள் சிலவே. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் வற்றோதத்தோடு இறால் கடல்நோக்கி நகரும்போது, அவ்விடங்களில் கழிகளை ஊன்றிச் சுத்துவலை கட்டுவோர்க்கே நல்ல பிடிப்பு. எல்லாரும் ஒரே இடத்திற்கு விரைந்தால் சண்டை மூளும். ஆகவே கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் சமூகத்தார் முறை வகுத்துக்கொண்டனர். இன்றைக்கு இவ்விடம் இவர்க்கு, நாளைக்கு அடுத்தவர்க்கு என இடங்கள் சுழன்று வரும். வலிமையுள்ளவர் நல்ல இடத்தை நிலையாகப் பிடித்துக்கொள்ள இயலாது. முறை தவறியவரை ஊர்ப் பஞ்சாயத்து விசாரிக்கும்.

எழுதப்பட்ட சட்டமின்றி இயங்கிவந்தது இம்முறை. இலங்கையின் நீர்கொழும்புக் கழியிலும் இறால் வலைக்கு இடம் ஒதுக்கச் சீட்டுக் குலுக்கும் மரபு உண்டு. பொதுவளத்தைப் பயனாளிகளே விதி வகுத்துக் காக்க இயலும் என்று உலகெங்கிலுமிருந்து சான்று திரட்டிக் காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம். அவர் 2009இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்றார். அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓரிடத்திற்கு உரிமையுள்ள குழுக்கள் 20 என்றும், மாதத்தில் இறால் நகரும் இரவுகள் 12 என்றும் கொண்டால், ஒரு குழுவுக்கு 50 நாளைக்கு ஒருமுறைதான் அவ்விடம் கிட்டும். அந்த ஓரிரவில் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் அடுத்த முறைக்கு மேலும் 50 நாள் காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட நாளில் வேறு வலையால் வேறு மீன் பிடிக்கலாம். ஆனால் கடன் அடைவது இறாலால்தான். மாத வருமானத்தின் சராசரியை மட்டும் எழுதிவரும் அறிக்கையில் அந்த இரவு இடம்பெறாது. மணல் அள்ளும் பணியை எந்த மாதத்தில் தொடங்குவது என்று முடிவுசெய்யும் அலுவலருக்கோ அந்த இரவுதான் தெரிய வேண்டும்.

கூட்டத்திற்கு வாராதவர்கள்

பாடு முறையைப் போற்றுவதோடு நிறுத்திக்கொள்வோர் பலர். அது சரியன்று. பாடு உள்ளிருப்போரிடையே நீதி செய்கிறது, வெளியிலிருப்போர்க்குக் கதவடைக்கிறது. தலைக்கட்டு என்று கணக்கிடப்படுவோர் ஆண்களே. மீனைக் கூடையில் சுமந்து விற்று வீட்டை நடத்தும் பெண்களுக்கு அதில் பெயரில்லை. வேறு ஊரினரும் வேறு சமூகத்தினரும் அம்முறைக்குள் வர இயலாது. ஏரியை நம்பும் குடும்பங்கள் பெருகப் பெருக இது பூசலாகவும் முற்றியுள்ளது.

இருளர் பழங்குடி மக்களின் நிலை இன்னும் வேறு. அவர்களுள் பெண்கள் பலர் வலையின்றிப் படகின்றி, ஆழமில்லாத நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்வர்; இரு கைகளும் நீருக்குள் இருக்க வேண்டுமல்லவா? வலைகட்டுவோர்க்கு ஆழம் வேண்டும். கையால் தடவிப் பிடிப்போர்க்கு ஆழமின்மை வேண்டும். தூர்வாரும் திட்டம் ஒன்றின் வரைபடத்தில் ‘சேற்றுமேடு, அகற்றலாம்’ என்று குறிக்கப்படும் இடம் இவர்களின் பணியிடமாக இருக்கக்கூடும். ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் மட்டும் கருத்துக் கேட்டுத் திரும்பும் பயிற்சியாளர் இதை ஒருபோதும் அறியமாட்டார். அவர்கள் கூட்டத்திற்கு வருவதில்லை, அழைக்கப்படுவதும் அரிது. விடியுமுன் சேற்றோரம் சென்று, வேலை முடியும்வரை கரையில் காத்திருந்து, ‘அக்கா’ என்றழைத்துப் பேசத் துணிந்தவருக்கே அது கிடைக்கும்.

குறிப்பும் திரும்பச் செல்லுதலும்

பயிற்சியின் இறுதியில் கொள்கைக் குறிப்பு ஒன்று எழுதப்பெறும். அது பெரிய ஆய்வேடன்று, நான்கைந்து பக்கம். சிக்கல் யாது, சான்று யாது, செய்யத்தக்க வழிகள் யாவை, ஒவ்வொன்றாலும் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு என்பவற்றை அலுவலர் ஒருவர் பத்து நிமிடத்தில் படித்தறியும்படி எழுத வேண்டும். அளந்தது எது, கேட்டது எது, தாம் ஊகித்தது எது என்று பிரித்துக் காட்டுதல் கட்டாயம். மூன்றையும் கலந்து எழுதுவதே தொடக்கநிலையில் பெரும்பாலோர் செய்யும் பிழை.

நான்கு அல்லது எட்டு வாரத்தில் ஓர் ஏரியை அறிந்துவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் வந்தவர் நவம்பர் மாத ஏரியைக் காணமாட்டார். பயிற்சிகள் பல ஊதியமற்றவை. வெளியூரில் தங்கிச் செலவுசெய்ய வசதியுள்ளோரே அவற்றில் மிகுதியாகச் சேர்கின்றனர். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இப்பயிற்சிக்கு வருவது அரிதாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுக்கு உதவித்தொகை அளித்துச் சேர்ப்பது பெரிய செலவன்று.

இதற்குப் பொறியியல் மட்டுமே படித்திருக்க வேண்டும் என்பதில்லை. விலங்கியல், புவியியல், பொருளியல், சட்டம், தமிழ் என எத்துறை மாணவரும் இதில் ஈடுபடலாம். பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி உள்ளது. தமிழ் படித்தோர்க்குத் தனியே ஒரு பணி காத்திருக்கிறது. குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால் தகவல் தந்தவர்கள் அதைப் படிப்பதே இல்லை. எத்தனையோ பேர் வந்து கேட்டு எழுதிச் சென்றார்கள், என்ன எழுதினார்கள் என்று தெரியாது என்பது கடலோர ஊர்களில் பொதுவாகக் கேட்கும் குறை. குறிப்பைத் தமிழில் எழுதி, ஊர் மரத்தடியிலும், இருளர் குடியிருப்பிலும், மீன் விற்கும் பெண்கள் கூடும் இடத்திலும் உரக்கப் படித்துக் காட்டினால், “அந்த இடத்தில் ஓட்டம் அப்படி இல்லை, தம்பி” என்று யாரேனும் ஒருவர் இடைமறிப்பார். அவ்விடத்தில் பேனாவை எடுத்து, அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொல்வதை மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரின் ஏரி, குளம், வாய்க்கால் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அந்நீரைப் பயன்படுத்துவோர் யார் யார், முறை வகுத்திருக்கின்றனரா, அம்முறைக்குள் இடம்பெறாதோர் எவர் என்பதைக் கேட்டறிந்து இரண்டு பக்க அளவில் எழுதுக. எழுதியதை அவர்களுள் ஒருவரிடம் படித்துக்காட்டி, அவர் கூறும் திருத்தங்களை வேறு நிற மையில் குறித்து வகுப்பில் பகிர்க.