க்னிஸ்லிஸ்: ஒரு பூச்சி, ரெண்டு வேர்ச்சொல்?

லாட்விய மொழியில் 'க்னிஸ்லிஸ்' என்றால் கடிக்கிற ஒரு குட்டிக் கருப்பு ஈ. கொசு இல்லீங்க! கொசு ஊசி மாதிரி குத்தும்; இது தோலைக் கீறி, கசியும் ரத்தத்தைக் குடிக்கும். புழு வளர்வதும் ஓடுகிற ஆற்றில்தான்.

இது கூட்டமா வர்ற பூச்சி. அதனால பன்மையைக் கவனிங்க: 'க்னிஷ்ல்யி'. 'இஸ்' விகுதி 'இ' ஆச்சு, சரி. ஆனா உள்ளே இருந்த 'ஸ்' 'ஷ்' ஆகி, 'ல்' குழைந்து 'ல்ய்' ஆகிடுச்சு. நம்ம 'கல்', 'கற்கள்' ஆகிற மாதிரி.

விகுதியை மட்டும் வெட்டுற ஸ்டெம்மர் எழுதினா, ஒரே பூச்சி ரெண்டு வேர்ச்சொல்லா பதிவாகும். ஒருமையைத் தேடினா பன்மை கிடைக்காது. வெட்டினதும் பழைய எழுத்துக்களைத் திருப்பிப் போடணும். அதையும் கண்ணை மூடிக்கிட்டுப் போடாதீங்க: சாலைகளைக் குறிக்கும் 'ட்ஸெல்யி'க்கு ஒருமையிலேயே அந்தக் குழைந்த 'ல்ய்' உண்டு.