கூதிர்காலச் சித்திரமும் கைப்பணியும்

பாலர் வகுப்புக்குரிய மேனாட்டுச் சித்திர நூல்களில், செந்நிறம் பூண்டு உதிரும் மேப்பிள் இலையே இப்பருவத்துப் பாடமாக அமைவதுண்டு. அது குளிர்நாட்டிற்குப் பொருந்தும். பகற்பொழுது குறுகுங்கால் அந்நாட்டு மரங்களின் இலைப்பச்சை சிதைந்து, மஞ்சளும் செம்மையும் தோன்றும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கோ, புரட்டாசி முதற் கார்த்திகை ஈறாகவுள்ள காலம் மழையை எதிர்நோக்கி விதைத்து, முளை காணுங் காலமாகும். கண்டறியாத இலையை வரையும் பிள்ளை, நூலிலுள்ள கோட்டைப் பின்பற்றுமேயன்றிப் பொருளை உற்றுநோக்கப் பழகாது. சித்திரக் கல்வியின் முதற்பயன் அவ்வாறு நோக்கப் பழகுதலேயாம். அதற்கேற்ற பயிற்சிகள் மூன்று கூறுவாம்.

1. முளைப்படம். நவராத்திரியிற் கும்பத்தைச் சூழ நவதானியம் விதைக்கும் வழக்கம் நம்மவர் அறிந்ததே. வகுப்பிலும் அகன்ற மட்பாத்திரமொன்றில் ஈரமண் இட்டு, முன்னாளிரவு ஊறவைத்த பயற்றையும் நெல்லையும் வேறுவேறு பக்கத்தில் விதைப்பிக்க. ஒரு தாளை ஒன்பது கட்டங்களாக மடித்து, நாளுக்கொரு கட்டத்திற் கண்டதை வரைவிக்க. முதனாளில் மண்ணொழியப் பிறிதொன்றுந் தோன்றாது. அந்நாளில் மண்ணையே வரைக. விடுமுறை நாட்கட்குரிய கட்டங்களை வெறிதே விடுக. மீண்டு வரும் நாளிற் காணும் வளர்ச்சி பிள்ளைகளுக்கு வியப்பளிக்கும். பயறு வளைந்த தண்டோடெழுந்து ஈரிலை விரித்தலையும், நெல் ஊசிபோல் ஒற்றையாய் நிமிர்தலையும் அவர்களே கண்டு கூறுவர். ஆசிரியர் முந்திக் கூறலாகாது.

2. புள்ளிக்கோலம். ஐந்து வரிசையில் முறையே 1, 3, 5, 3, 1 ஆகப் புள்ளியிடுக. மொத்தம் எத்தனையென எண்ணுவித்தால் அதுவே கணித பாடமுமாம். முதலில் மணலில் விரலாலும், கை பழகியபின் முற்றத்தில் அரிசிமாவாலும் இடுவிக்க. ஒரு பாதியை ஆசிரியர் இட, மறுபாதியைப் பிள்ளை நிரப்புக. இரு பாதியும் ஒத்துவருதலைக் கண் தானே உணரும். மாவை உண்ணவரும் எறும்புகளை ஓட்டாது பார்க்கவிடுக.

3. சிட்டி விளக்கு. கார்த்திகை விளக்கீட்டுக்கு ஒரு கிழமை முன்னரே களிமண்ணைப் பிசைந்து உருண்டையாக்கி, நடுவே பெருவிரலால் அழுத்திக் குழித்து, விளிம்பில் ஓரிடத்தைத் திரிக்காகக் கிள்ளுவிக்க. வெயிலில் விரைந்துலர்ந்தால் வெடிக்கும், நிழலில் உலர்த்துக. உலர்ந்தபின் காவியுஞ் சுண்ணாம்புங் கொண்டு வரியிடுக. சுடாத மண் எண்ணெயை உறிஞ்சுமாதலின், ஏற்றுதற்குக் குயவர் சுட்ட சிட்டியைக் கொள்க. இரண்டையும் பிள்ளைகள் கையிற் கொடுத்து, எடையையும் ஓசையையும் ஒப்புநோக்கச் செய்க. நெருப்பேற்றுதல் ஆசிரியர் கடமை.

இறுதியாக ஒன்று. வாணி விழாவிற்கு வருவோர் மெச்சவேண்டுமென்று, ஆசிரியர் திருத்திய படங்களையே மண்டபத்திற் றூக்கும் வழக்கம் சிலவிடங்களில் உண்டு. வருவோர் மெச்சுவர். பிள்ளையோ, தன் கை தகுதியற்றதென்பதை அன்று கற்றுக்கொள்ளும். அதன்பின் கோலெடுக்க அஞ்சும். ஆகவே கோணியிருப்பினும் பிள்ளை வரைந்தவாறே ஒன்பது கட்டப் படங்களைத் தூக்குக. எவர் படமும் விடுபடாதிருத்தல் வேண்டும்.