தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க



ஆங்கிலம் கற்பிக்கத் தென்கொரியாவுக்கு வருபவரின் ஆங்கிலம் எவ்வளவு சுத்தம் என்பதை அந்நாட்டுக் குடிவரவு விதிகள் முதலில் பார்ப்பதில்லை. எந்த நாட்டு பாஸ்போர்ட் என்றுதான் பார்க்கின்றன. இந்த வேலைக்கான விசாவின் பெயர் ஈ-2. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே ஆங்கிலம் கற்பிக்க அது பொதுவாகக் கிடைக்கிறது. டொராண்டோவில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் விண்ணப்பிக்கலாம். பள்ளிப் படிப்பு முழுவதையும் ஆங்கிலத்திலேயே முடித்த சிங்கப்பூர்த் தமிழர் பொதுவாக விண்ணப்பிக்க முடியாது. விசித்திரமான அளவுகோல்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இந்தியருக்கு ஒரு சிறு வாசல் உண்டு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டத்தோடு ஆங்கில ஆசிரியருக்கான தகுதிச் சான்றும் உள்ள இந்தியர், பள்ளிகளில் துணை ஆசிரியராகச் சேரலாம். வெறும் பி.ஏ. ஆங்கிலம் இதற்குப் போதாது. ஹாக்வோன் எனப்படும் தனியார் பயிற்சி நிலையங்களுக்கும் இந்த வழி செல்லாது.

ஏழு நாட்டவரிடமோ, பட்டம் எந்தப் பாடத்தில் என்று கேட்பதில்லை. விலங்கியலோ வணிகவியலோ, இளங்கலைப் பட்டம் இருந்தால் சரி. ஹாக்வோனில் சேர ஆங்கிலப் பயிற்றுமுறைச் சான்றிதழைக்கூடச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அந்தச் சான்றிதழ் இருந்தாலே விசா உறுதி என்று சொல்லிக் காசு பிடுங்கும் விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் எபிக் திட்டம் மட்டும், கல்வியியல் பின்னணி இல்லாதவரிடம் நூறு மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சியை எதிர்பார்க்கிறது.

பலர் தடுக்கி விழும் இடம் ஆவணங்கள். பட்டச் சான்றிதழையும் குற்றப் பதிவின்மைச் சான்றையும் அப்படியே நீட்டினால் ஏற்கமாட்டார்கள்; அவற்றை வழங்கிய நாட்டின் அரசு, வெளிநாட்டிலும் செல்லுபடியாகும்படி உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையை வைத்துத் தர வேண்டும். இந்தியாவில் அதை வைப்பது வெளியுறவு அமைச்சகம். கனடா 2024 ஜனவரியில்தான் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் வந்தது. அதுவரை கனடியர்கள் கொரியத் தூதரகத்துக்கு நடையாய் நடந்தார்கள். குற்றப் பதிவுச் சான்று நாடு முழுவதற்குமானதாக இருக்க வேண்டும். ஒரு மாநிலப் போலீஸ் தந்தது செல்லாது. அமெரிக்கர் என்றால் எஃப்பிஐ தந்ததே வேண்டும். வாங்கி ஆறு மாதத்துக்கு மேலாகிவிட்டால் அதுவும் பழையதாகிவிடும். ஆகவே பட்டத்துக்கு முதலில் முத்திரை வாங்கிவிட்டு, போலீஸ் சான்றைக் கடைசியில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

இவற்றோடு வேலை ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும். வேலை தருபவர் கொரியக் குடிவரவு அலுவலகத்தில் விசா எண் பெற்று அனுப்பிய பிறகே தூதரகத்தில் விண்ணப்பிக்க முடியும். சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்குப் பாடம் நடத்துவது குற்றம். பிடிபட்டால் அபராதம், நாடுகடத்தல், மறுபடி நுழையத் தடை.

போய்ச் சேர்ந்ததும் மருத்துவப் பரிசோதனை. போதைப்பொருள் சோதனையும் அதில் அடக்கம். முன்பு எச்ஐவி சோதனையும் கட்டாயமாக இருந்தது. அதை மறுத்து வேலையை இழந்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழுவிடம் முறையிட்டார். 2015இல் குழு அவர் பக்கம் நின்றது. 2017இல் கொரிய அரசு அந்தச் சோதனையைக் கைவிட்டது. பரிசோதனையைத் தவிர, போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் குடியிருப்பு அட்டைக்கும் பதிய வேண்டும்.

ஈ-2 விசா, அதில் குறிப்பிட்ட பணியிடத்துக்கு மட்டுமே பொருந்தும். மாலையில் இன்னொரு நிலையத்தில் வகுப்பெடுக்க முன்அனுமதி வேண்டும். வீட்டுக்குப் போய் ட்யூஷன் எடுப்பதோ சட்டவிரோதம். கொரியரை மணந்து எஃப்-6 விசா பெற்றவருக்குப் பணியிடக் கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் வெளிநாட்டு ஆசிரியர் எந்த விசாவில் இருந்தாலும், அவருடைய பட்டம், குற்றப் பதிவு, உடல்நலம் ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே ஹாக்வோன் அவரை வேலைக்கு எடுக்கலாம்.