பச்சை பூத்த போர்டு: மற்றவர்கள் கைவிடும் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்

பெங்களூரு பிரேசர் டவுனில் மாஸ்க் ரோட்டிலோ கோல்ஸ் ரோட்டிலோ மொபைல் கடைக்குப் பஞ்சமில்லை. டிஸ்ப்ளே மாற்றுவதும் சார்ஜிங் சாக்கெட் மாற்றுவதும் எல்லாருக்கும் தெரிந்த வேலை. அதனாலேயே அதில் கூலி ஏறுவதில்லை. ஐடிஐயில் இரண்டு வருடம் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் படித்துவிட்டு அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்பதைவிட, மற்றவர்கள் ‘இது தேறாது’ என்று திருப்பி அனுப்பும் வேலையைக் கற்றுக்கொள்வது மேல். பேட்டரி ஒழுகி அரித்துப்போன போர்டு அப்படிப்பட்ட வேலை. அதைப் படிக்கப் பழைய லேப்டாப்பைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

இந்த ஊரில் சரக்குக்கும் குறைவில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் இங்கே வந்தது. அந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியர்கள் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்கள் வாங்கிய முதல் டோஷிபாவும் காம்பாக்கும் பல வீடுகளில் இன்னும் பரணில்தான் கிடக்கின்றன. ஐஐஎஸ்சி பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினி பிறந்ததும் பெங்களூரில்தான். அதன் அமிடா மாடலை பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிக்க, 2004இல் விற்பனைக்கு வந்தது. சந்தையில் எடுபடவில்லை. ஆனால் எடுபடாத பொருளைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

பெட்டியைத் திறந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்த வகை பேட்டரி என்பது. சாதாரண ஆல்கலைன் செல், நிக்கல்-காட்மியம், நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு மூன்றிலும் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 லேப்டாப்பில் நினைவகத்தைக் காக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். ஒழுகினால் நேரே போர்டில்தான் இறங்கும். 1989இன் மேக்கின்டோஷ் போர்ட்டபிள் வேறு ரகம். அதில் இருப்பது லெட்-ஆசிட் பேட்டரி, ஒழுகுவது கந்தக அமிலம். காரத்தை முறிக்க நீர்த்த வினிகர் அல்லது சிட்ரிக் ஆசிட் கரைசல், அமிலத்தை முறிக்க ஆப்ப சோடாக் கரைசல். இதை மாற்றிச் செய்தால் இருக்கிற அரிப்போடு நீங்களும் கொஞ்சம் சேர்த்த கணக்கு. இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் வினிகர் ஊற்றுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள்.

வாடிக்கையாளர், “அண்ணா, ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்களேன்” என்பார். பார்க்காதீர்கள். ஒழுகிய ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். போர்டுக்கு மிச்சமிருக்கும் உயிரும் அதில் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்தபடி பிரியுங்கள். ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் அதைக் கழற்றி, அதற்குப் பொருந்தும் அடாப்டரில் மாட்டி, உள்ளே இருப்பதை முழுதாக நகல் எடுத்துவிடுங்கள். பல பேருக்கு மெஷின் வேண்டாம். இறந்துபோன அப்பா எழுதி வைத்த கடிதங்கள்தான் வேண்டும். அதற்குத் தயங்காமல் பணம் தருவார்கள்.

கழுவுவது சுலபம். முறிக்கும் கரைசலைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் ஈரத்தை வெளியேற்றி, நன்றாகக் காய விட வேண்டும். வினிகரும் அமிலம்தான், அதைப் போர்டில் தங்க விடக் கூடாது. கழுவியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர் துப்புரவுக்காரர். டெக்னீஷியனின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு வெளியே தெரிகிற இடம் பயமில்லை. மேல்பூச்சுக்கு அடியில் கறுத்திருக்கும் ட்ராக்கும், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் சின்னத் துளைகளும்தான் ஏமாற்றும். மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து ஒவ்வொரு ட்ராக்கையும் முனைக்கு முனை சோதியுங்கள். ஒரு ட்ராக்கில் சத்தம் வந்து வந்து போனால் அதை அறுந்ததாகவே கணக்கில் வையுங்கள். ஐசியின் அடியில் ஈரம் போயிருந்தால் ஐசியைக் கழற்றாமல் தெரியாது. காரம் வயருக்குள்ளும் ஏறும். உறை நன்றாக இருந்து உள்ளே செம்பு கறுத்திருந்தால் அந்த வயரையே மாற்றிவிடுங்கள்.

அரித்த இணைப்பில் புது ஈயம் ஒட்டாது. ஃபைபர் கிளாஸ் பேனாவால் செம்பு மின்னும் வரை சுரண்டி, ஃபிளக்ஸ் தாராளமாகப் போட்டு, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்த பிறகே புதிது வைக்க வேண்டும். அந்தப் பேனாவின் தூள் தோலில் குத்தும், மூச்சுக்குள் போகக் கூடாது, ஆகவே முகமூடி கட்டாயம். அறுந்த ட்ராக்குக்கு 30 கேஜ் வயர் போதும். சால்டரிங் செய்யும்போது மீன் வாடை அடித்தால், ஒழுகியது பேட்டரி மட்டுமில்லை, பக்கத்துக் கெப்பாசிட்டரும்தான். 1990களின் மெஷின்களில் இது அடிக்கடி நடக்கிறது.

புது பேட்டரியைப் பழைய இடத்திலேயே சால்டர் செய்யாதீர்கள். வயர் நீட்டி, போர்டுக்கு எட்டாத இடத்தில் ஹோல்டர் வையுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரி இருந்த இடத்தில் சிஆர்2032 போடுவதானால் நடுவே ஒரு டயோடு அவசியம். அந்த நாணய வடிவ பேட்டரி சார்ஜ் செய்வதற்கு ஆனதல்ல, வெடிக்கலாம். கழற்றிய நிக்கல்-காட்மியத்தைக் குப்பையில் போடவும் கூடாது. காட்மியம் விஷம், 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் தனியே சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும்.

இனி காசு விஷயம். பழைய லேப்டாப்பை மட்டும் நம்பிப் பிரேசர் டவுனில் கடை வாடகை கட்ட முடியாது. ஆனால் அதே காரம்தான் சர்ச் கீபோர்டின் செல் பெட்டியிலும், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியிலும் ஒழுகுகிறது. இவை வாரா வாரம் வரும் வேலை. லேப்டாப் உங்கள் பெயரைப் பரப்பும் வேலை. திறந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம் சொல்லுங்கள், தேறினாலும் தேறாவிட்டாலும் அது உங்களுடையது. ‘முழுதாகச் செத்தும் போகலாம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்கள். உதிரிக்கு எஸ்.பி. ரோடு இருக்கிறது, அங்கே கிடைக்காத பழைய ஐசிக்கு வேறொரு செத்த போர்டுதான் கதி. அதனால் எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

கடை வேண்டாம், மாதச் சம்பளம் போதும் என்பவர்கள் ஐபிசி-7711/7721 என்ற ரீவொர்க் தரநிலையைப் படித்துச் சான்றிதழ் வாங்குங்கள். பாதுகாப்பு, விண்வெளி எலக்ட்ரானிக்ஸ் செய்யும் நிறுவனங்களுக்கு வேண்டிய கைவேலை இதுதான், அவை நிறைந்த ஊர் இது. நேர்முகத்துக்குப் போகும்போது சான்றிதழோடு, நீங்கள் மீட்ட ஒரு போர்டின் முன்-பின் படங்களையும் எடுத்துப் போங்கள். கேள்விகள் அந்தப் படங்களைப் பற்றியே வரும், பதில் உங்கள் கையில் இருக்கும்.