தோள்பையோடு எல்லவுக்கு

கேள்வி: நானும் நண்பனும் தோள்பையோடு எல்லவில் சில நாள் தங்க விரும்புகிறோம். சமதரைக்காரரான எங்களுக்குச் சரிவருமா?
– வாசகர், கண்டாவளை

பதில்: தாராளமாகச் சரிவரும், தம்பி. கிளிநொச்சியில் ரயிலேறி, பொல்காவலையில் பதுளை ரயிலுக்கு மாறுங்கள். அடைமழைக் காலத்தில் மண்சரிவால் மலைப்பாதை மூடப்படுவதுண்டு; முதலில் விசாரியுங்கள்.

எல்ல ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. முதல்நாள் சின்னச் சிவனொளிபாதமலை போதும். தேயிலைக்குள்ளால் போகும் இலேசான ஏற்றம். எல்ல மலைக்கு விடியலில் புறப்படுங்கள், பத்து மணிக்குப் பின் மேகம் மூடிவிடலாம். ஈரப் புல்லில் அட்டை ஏறும். பிய்த்து இழுக்காமல் உப்பு வையுங்கள்.

எல்லோரும் ஒன்பது வளைவுப் பாலத்தில் படம்பிடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்குப் பிடித்தது தெமோதரை ரயில் நிலையம்தான். தண்டவாளம் மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழையும். தண்டவாளத்தில் நின்று செல்ஃபி மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் பக்கத்துத் தருமபுரத்தில் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. புறப்படுமுன் அங்குள்ள பெரியவர்களிடம் போய், எந்தத் தோட்டத்து எந்த லயத்திலிருந்து வந்தார்கள் என்று கேளுங்கள். பதுளைப் பக்கம் என்றால் ஒருநாளை அந்தத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள்.